மேற்கே பார்த்த குழாய்

மதினி,

“ஓட்டுப் போட்டு ஆளு வைக்கிற ரெண்டு நாடு எப்பவாச்சும் ஒண்ணோட ஒண்ணு சண்டைக்குப் போயிருக்கா டீச்சர்?”

ராஜபாளையத்தில் நாம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்த காலத்தில், முருங்கைக் கீரை உருவிக்கொண்டே நீங்கள் கேட்ட கேள்வி இது. இன்று காலை அது மறுபடியும் என் காதில் விழுந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இப்போது நான் இருக்கிற தெருவின் முனையில் ஒரு கோயில் விசேஷம். மைக் செட்டுக்காரர் ஏணியில் நின்றுகொண்டு, குழாய் ஸ்பீக்கரை ஒரு கையில் பிடித்தபடி, எந்தப் பக்கம் பார்த்துக் கட்டட்டும் என்று கீழே நின்றவர்களைக் கேட்டார். கமிட்டிக்காரர் ஒருவர், “நம்ம தெருவப் பாத்துக் கட்டுப்பா. அடுத்த தெருவுக்கு எதுக்குக் கேக்கணும்?” என்றார். காபி டம்ளரோடு வாசலில் நின்ற நான் சிரித்துவிட்டேன். எதற்குச் சிரிக்கிறீர்கள் அத்தை என்று மருமகள் கேட்டாள். அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? உங்களிடம் என்றால் குழாய் என்ற ஒரு சொல் போதும். நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அது எண்பதுகளின் தொடக்கம். உங்கள் வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிப்டு வேலை. எனக்குப் பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல். மாலையில் நான் வீடு வந்து சேரும்போது உங்கள் ரேடியோ செய்தி வாசித்துக்கொண்டிருக்கும். அன்று தூர தேசத்தில் எங்கோ நடந்த போர்ச் செய்தி. எந்த நாடுகள் என்பது இப்போது நினைவில் இல்லை. அங்கெல்லாம் ஓட்டு உண்டா என்று கேட்டீர்கள். இல்லை, பட்டாளத்துக்காரர்கள் ஆட்சி என்றேன். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

வரலாற்றில் போருக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொன்றாக மனதில் எடுத்துப் பார்த்தேன். ஏதாவது ஒரு பக்கத்திலாவது மன்னரோ தளபதியோ யாரையும் கேட்காமல் ஆள்பவரோ இருந்தார். மறுநாள் பள்ளி நூலகத்தில் புரட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். ஜனங்கள் பயமில்லாமல் ஓட்டுப் போட்டு, பயமில்லாமல் பேசி, பிடிக்காத ஆட்சியை மாற்றவும் முடிகிற இரண்டு நாடுகள் நேருக்கு நேர் பெரிய போர் நடத்தியதைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். சந்தேகமான ஒன்றிரண்டைக் காட்டி வாதாடுகிறவர்கள் உண்டு. ஆனாலும் மொத்தக் கணக்கில் அது அபூர்வம்.

ஏன் என்றீர்கள். வகுப்பில் பேசுகிற குரல் எனக்கு வந்துவிட்டது. போர் வந்தால் பிள்ளையை அனுப்புகிறவர்கள் ஜனங்கள், விலைவாசியைச் சுமக்கிறவர்களும் அவர்கள். முடிவும் அவர்கள் கையில் இருந்தால் நாலு தடவை யோசிப்பார்கள் என்று விளக்கினேன். நீங்கள் கீரைக் காம்புகளை ஒதுக்கி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள்.

“அப்போ எங்க ஊரு ஏன் வெட்டிக்கிட்டுச்சு? நாங்களும் ஓட்டுப் போடுதோம்லா?”

உங்கள் தம்பியின் கதையை அன்றுதான் முழுதாகச் சொன்னீர்கள். சேத்தூர் பக்கம் உங்கள் ஊர். அதற்கு மேற்கே, மலையை ஒட்டி இன்னோர் ஊர். இரண்டுக்கும் ஆளுக்கொரு கண்மாய். மலையில் பெய்கிற தண்ணீர் முதலில் மேற்கு ஊர்க் கண்மாயில் சேரும். அது நிறைந்து, மறுகால் என்று நாம் சொல்கிற அந்தக் கல் கட்டின் மேலாக வழிந்தால்தான் உங்கள் கண்மாய்க்கு வரும். மழை குறைந்த வருடத்தில் மேற்கு ஊர்க்காரர்கள் மறுகாலின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கி உயர்த்திவிடுவார்கள். தண்ணீர் அங்கேயே தேங்கும். உங்கள் ஊர் வயல் காயும்.

அப்படி ஒரு வருடம், உங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் தன் வீட்டு முற்றத்தில் நாலு பேரோடு உட்கார்ந்து முடிவெடுத்தார். விடிவதற்குள் கம்போடும் அரிவாளோடும் ஆட்கள் மறுகாலுக்குப் போனார்கள். அந்தப் பக்கமும் அதே மாதிரி ஒருவர் சொல்லி, காவலுக்கு ஆட்கள் நின்றார்கள். வெட்டு உங்கள் தம்பியின் வலது தோளில் விழுந்தது. காயம் ஆறியது. கை மட்டும் அதற்குப் பிறகு தோளுக்கு மேல் எழவே இல்லை. பெரிய வீட்டுக்காரரின் மகன்கள் அப்போது மதுரையில் படித்துக்கொண்டிருந்தார்கள். இதைச் சொல்லும்போது உங்கள் குரலில் அழுகை இல்லை. “முடிவெடுத்தது ஒருத்தரு, கை போனது இன்னொருத்தனுக்கு” என்று மட்டும் சொன்னீர்கள்.

நான் ஒன்று கேட்டேன். “டெல்லிக்கும் மெட்ராஸுக்கும் ஓட்டுப் போட்டீங்க மதினி. மறுகாலுக்குப் போட்டீங்களா?”

“அதுக்கு யாரு பெட்டி வச்சா?” என்றீர்கள்.

நம் இருவருக்கும் அந்த விஷயம் பல வருடம் தீரவில்லை. எனக்கு எதற்கும் ஓர் உதாரணம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். என் பள்ளியில் எட்டாம் வகுப்பு இரண்டு பிரிவுகளும் ஒரே ஒரு பந்து மைதானத்துக்காக ரிப்பனைப் பிடித்து இழுத்து அடித்துக்கொள்ளும். டீச்சர்கள் பார்த்து நியமித்த லீடர்கள் இருந்தவரை மல்லுக்கட்டு ஓயவில்லை. ஒரு வருடம் பிள்ளைகளையே லீடரைத் தேர்ந்தெடுக்க விட்டோம். லீடர்கள் இருவரும் தங்கள் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால், முறை வைத்து விளையாடுவதென்று தாங்களாகவே பேசி முடித்தார்கள். இதை நான் பெருமையாகச் சொன்னபோது நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். “பொம்பளப் பிள்ளைக ரிப்பன் சண்டையும் கண்மாய்ச் சண்டையும் ஒண்ணா டீச்சர்? ரிப்பனுக்கு யாராச்சும் அரிவா எடுத்தாகளா?” என்றீர்கள். நியாயம்தான். ஆனாலும் என் உதாரணத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு உங்கள் வீட்டுக்காரர் உடம்புக்கு முடியாமல் மில்லை விட்டு நின்றார். நீங்கள் ஊரோடு போனீர்கள். நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாற்றலாகி வந்தேன். தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது உங்கள் ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. நீங்கள் நின்று ஜெயித்தீர்கள். பதவி ஏற்ற அன்று யாரோ உங்கள் வீட்டுக்காரருக்கு மாலை போட வந்தார்களாம். நீங்கள் அதை வாங்கி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, “அவிய தலைவரோட வீட்டுக்காரரு. கூட்டத்துக்கு நாலு நாற்காலி தூக்கிப் போடச் சொல்லுங்க, போடுவாரு” என்றீர்களாம். அதை என்னிடம் சொன்னவரே உங்கள் வீட்டுக்காரர்தான், சிரித்துக்கொண்டே.

அதை அடுத்து வந்த ஒரு வருடம் மழை பாதியில் நின்றுவிட்டது. மார்கழி முடிவதற்குள் மேற்கு ஊர் மறுகாலில் மூட்டை ஏறிவிட்டது. தை பிறந்தபோது உங்கள் ஊர் நெல்லில் பால் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் தண்ணீர் கிடைத்தால் நெல், கிடைக்காவிட்டால் வைக்கோல். உங்கள் தம்பி வீடு வீடாகப் போய்ப் பேச ஆரம்பித்திருந்தார். இளவட்டங்கள் அவர் பின்னால் நின்றார்கள். கை போன மனிதர் பேசும்போது எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது. பெரிய வீட்டுக்காரர் காலமாகி வெகு நாளாகியிருந்தது. அவருடைய வேலையைத் தம்பி செய்கிறாரே என்பதுதான் உங்களுக்கு வந்த வேதனை.

குடியரசு தினத்துக்குக் கிராம சபை கூட வேண்டும். மற்ற ஊர்களில் அப்போது அது பெயருக்கு நடக்கும். கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். நீங்கள் மறுகால் விவகாரத்தை அந்தச் சபையில் வைத்துவிடுவது என்று தீர்மானித்தீர்கள். எனக்குச் சொல்லி அனுப்பினீர்கள், வந்து சும்மா உட்காருங்கள், தெரிந்த முகம் ஒன்று எதிரில் இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும் என்று. பள்ளியில் கொடியேற்றி முடித்து, மிட்டாய் வாங்கிய கையோடு பஸ் ஏறினேன். ராஜபாளையத்தில் மாறி, உங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கி நடந்து வந்தபோது, புளியமரத்தடியில் ஊர் கூடியிருந்தது. மரத்தில் குழாய் கட்டியிருந்தது. உங்கள் வீட்டுக்காரர் நிஜமாகவே நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்.

அப்படி ஒரு கூட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. உங்கள் தம்பிதான் முதலில் மைக்கைப் பிடித்தார். இன்றைக்கே போய் மூட்டைகளைப் பிரித்துவிட வேண்டும், இனிப் பேச ஒன்றுமில்லை என்றார். இளவட்டங்கள் கை தட்டினார்கள். நீங்கள் அக்காவாக ஒன்றும் பேசவில்லை. தலைவராக, அடுத்து யார் பேசுகிறீர்கள் என்று மட்டும் கேட்டீர்கள். பிறகு பின்னால் இருந்து ஒரு நடுவயது அம்மாள் எழுந்து வந்தார்.

“போறது யாரு யாருன்னு இப்பமே பேரச் சொல்லுங்க. என் மகன் பேரும் அதுல இருந்தா நான் வீட்டுக்குப் போயி அவனுக்கு வயிறாரச் சோறு போடணும்லா” என்றார்.

கை தட்டல் அதோடு நின்றது. பிறகு ஆளுக்கு ஆள் வந்தார்கள். இந்தப் பக்கத்து மோட்டார் கெட்டால் அந்த ஊர் ஆள்தான் வந்து பார்க்கிறார் என்று ஒருவர் சொன்னார். அந்த ஊரில் கட்டிக்கொடுத்த மகளை நாளைக்கு எந்த முகத்தோடு போய்ப் பார்ப்பது என்று இன்னொருவர் கேட்டார். போகலாம், ஆனால் நம்மிடம் போதுமான ஆள் இல்லை என்று ஒருவர் ரகசியம் போலச் சொன்னது மைக்கில் கணீரென்று கேட்டது. போனால் கேஸ் வரும், வக்கீலுக்கு யார் அலைவது என்றார் இன்னொருவர். உங்கள் தம்பி நடு நடுவே எழுந்து, பயந்தவர்கள் எல்லாம் வளையல் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். நீங்கள் உங்கள் கையைத் தூக்கி வளையல்களைக் காட்டி, “நான் போட்டுக்கிட்டுதாம்லே இருக்கேன். நீ உக்காரு” என்றபோது, முறைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

கடைசியில் கை தூக்கச் சொன்னீர்கள். யூனியன் ஆபீஸில் இருந்து வந்தவர் மைக்கில் உரக்க எண்ணினார். போக வேண்டும் என்பவர்கள் முதலில். உங்கள் தம்பிக்கு வலது கை எழாது. இடது கையைத் தூக்கினார். பிறகு, வேண்டாம், முறை வைத்துத் தண்ணீர் விடும்படி கேட்போம், மறுத்தால் கலெக்டரிடம் போவோம் என்பவர்கள். சில கைகள்தான் வித்தியாசம். சமாதானம் ஜெயித்தது. தம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இந்த ஊர் உருப்படாது என்று மைக் காதில் விழும்படி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அந்த நேரத்தில்தான் யாரோ அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள்.

குழாய் மேற்கே பார்த்திருந்தது. நேராக, கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம், மேற்கு ஊரைப் பார்த்து. கிழக்கிலிருந்து கீழ்க்காற்று வேறு அடித்துக்கொண்டிருந்தது. நாம் பேசிய அத்தனையும், நம்மிடம் ஆள் போதாது என்பது உட்பட, அங்கே ஒவ்வொரு வீட்டிலும் கேட்டிருக்கும். கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. மைக் செட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார்.

“கோயில் கொடைக்கு எப்பவும் அந்தப் பக்கம் பாத்துதானக்கா கட்டுவேன்? அடுத்த ஊருக்காரவுகளும் சாமி கும்பிட வரணும்னுதான வழக்கம். கை பழக்கத்துல கட்டிட்டேன்.”

இளவட்டங்கள் அவரை அடிக்கவே போய்விட்டார்கள். நீங்கள் குறுக்கே நின்றீர்கள். ஆனால் உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை. ஜெயித்த தீர்மானம் இனிச் செல்லாக்காசு என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நம் பலவீனம் தெரிந்துவிட்டது, இனி மூட்டையை இன்னும் உயர்த்துவார்கள் என்றார்கள். தம்பி சொன்னபடி போயிருந்தால் மானமாவது மிஞ்சியிருக்கும் என்று, உங்கள் பக்கம் கை தூக்கியவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கும் பயம்தான். எதிரிக்கு நம் மனது தெரியக் கூடாது என்றுதான் நானும் படித்திருந்தேன், அரசர்களின் கதைகளில்.

நாம் இருவரும் உங்கள் வீட்டுக்கு வந்தோம். யூனியன் ஆபீஸ்காரர் ஒருவரே இரண்டு ஊர்ச் சபைக்கும் பொறுப்பு என்பதால் மேற்கு ஊரில் கூட்டம் அதற்குப் பிறகுதான். மைக் செட்டும் இரண்டு ஊருக்கும் அதே ஒன்றுதான். மைக் செட்டுக்காரர் வண்டியில் குழாயை வைத்துக்கட்டிக்கொண்டு, தலை குனிந்தபடி மேற்கே போனதை வாசலில் இருந்து பார்த்தோம். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்தக் குரல் வந்தது. முதலில் கரகரப்பு, பிறகு “ஹலோ, ஹலோ”. நீங்கள் அடுப்படியில் இருந்து ஓடி வந்தீர்கள். மேற்கு ஊர்க் கூட்டம் நம் வாசலில் நடப்பது போலக் கேட்டது. எதிர்க் காற்றிலும் கேட்டது. பிறகு மைக் செட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது: அங்கே எந்தப் பக்கம் கட்டுவது என்று அவர் பயந்து பயந்து கேட்டிருக்கிறார். அந்த ஊர்த் தலைவர், வீட்டில் தெலுங்கு பேசுகிற பழைய மில் மேஸ்திரி, “கிழக்கப் பாத்துக் கட்டுப்பா. அவுக பேசுனத நாம கேட்டாச்சு. நாம பேசுறத அவுக கேக்க வேண்டாமா?” என்றிருக்கிறார்.

உங்கள் ஊர் முழுவதும் தெருவுக்கு வந்து நின்றது. அங்கேயும் அதே கூச்சல்தான். நம் கண்மாய், நம் தண்ணீர், ஒரு சொட்டு விடக் கூடாது என்று ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார். பேசாமல் வந்து சுவரோரம் நின்றிருந்த உங்கள் தம்பி, அதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அங்கயும் ஒரு நான் இருக்கேன் போல.” நீங்கள் சிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

கத்தியவருக்குப் பதிலாக ஓர் அம்மாள் பேசினார். அந்த ஊர் அம்மாள் ஒருத்தி மகனுக்குச் சோறு போடணும்னு சொன்னது கேட்டுச்சா, எனக்கும் அப்படி ஒருத்தன் இருக்கிறான் என்றார். மறுபடி ஒருவர், அவர்களிடம் ஆள் இல்லை, இதுதான் நேரம் என்றார். அதற்கு அந்தத் தலைவர் சொன்ன பதில்தான், மதினி, என் வகுப்பறையில் பல வருடமாக நான் சொல்ல முயன்று சொல்ல வராமல் இருந்தது.

“ஆள் இல்லன்னு மட்டுமா கேட்டுச்சு? அவுக கை எண்ணுனதும் கேட்டுச்சு. சண்டைன்னவன் தோத்தான். தோத்தவன் வைதுட்டு வீட்டுக்குப் போனான், கம்பெடுக்கல. அப்படிப்பட்ட ஊரு ஒரு வார்த்த குடுத்தா அது நிக்கும். நாளைக்கு எவனோ ஒருத்தன் முற்றத்துல உக்காந்து மாத்த முடியாது. இவுககிட்ட பேசலாம்.”

அவர்களும் கை தூக்கினார்கள். அங்கேயும் சில கைகள்தான் வித்தியாசம். மூட்டைகளைப் பாதி இறக்குவது, நெல் முற்றும்வரை முறை வைத்து விடுவது, இரண்டு ஊரில் இருந்தும் மறுகாலில் ஆள் நிற்பது என்று முடிவானது. உங்கள் தெருவில் யாரும் ஆரவாரம் செய்யவில்லை. அவரவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். அந்த அமைதியைத்தான் நான் பெரிய விஷயமாக நினைத்தேன்.

மறுநாள் காலை நீங்கள் ஊரைக் கூட்டி, மறுகாலுக்கு உங்கள் ஊர் சார்பில் தம்பியை அனுப்பலாமா என்று கேட்டீர்கள். சிலர் தயங்கினார்கள். தோற்றவன் பார்த்துவிட்டு வந்து சொன்னால்தான் தோற்றவர்கள் நம்புவார்கள் என்றீர்கள். பஸ்ஸுக்குப் போகும் வழியில் நானும் மறுகால் வரை வந்தேன். மேற்கு ஊர் அனுப்பிய ஆள் யார் என்று பார்த்தால், நேற்று மைக்கில் தொண்டை கிழியக் கத்தியவர். குரலை வைத்தே தெரிந்தது. மணல் மூட்டையின் ஒரு காதை உங்கள் தம்பி இடது கையால் பிடிக்க, மறு காதை அவர் பிடித்தார்.

“மெதுவாத் தூக்குலே, ஒங்க ஊரு மூட்டதான. கிழிஞ்சா அதுக்கும் எங்களக் கேப்பீக” என்றார் தம்பி.

“நீ ஒத்தக் கையாலயே இம்புட்டு வாய் பேசுத” என்றார் அந்த ஆள். சொல்லிவிட்டு, அந்தக் கையை அவர் ஒருமுறை பார்த்தார். பிறகு மூட்டையின் பாரம் தன் பக்கம் வரும்படி சாய்த்துக்கொண்டார். கல் மேல் தண்ணீர் மெல்ல ஏறி வழிந்தது.

எல்லா வயலும் பிழைக்கவில்லை. கடைசியாகத் தண்ணீர் எட்டும் கடை மடையில் கொஞ்சம் காய்ந்துதான் போனது. அதற்காக உங்களை வைதவர்களும் உண்டு. ஆனால் அந்த வருடம் இரண்டு ஊரிலும் யாருக்கும் கை போகவில்லை.

இதை உங்களோடு பல தடவை விவாதித்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் சொல்லுவார், சொந்தபந்தம் இருந்ததால்தான் சண்டை வரவில்லை என்று. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தம்பிக்கு வெட்டு விழுந்த வருடத்திலும் அதே சொந்தபந்தம் இருந்தது. அதே கண்மாய், அதே மூட்டை, அதே கோபம். மாறியது ஒன்றுதான். முன்பு முடிவு ஒரு முற்றத்துக்குள் நடந்தது. அடுத்த முற்றத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருவரும் பயந்தார்கள், பயந்தவர்கள் முந்திக்கொண்டார்கள். பிறகு முடிவு புளியமரத்தடியில் நடந்தது. சோறு போடுகிற அம்மாள் எழுந்து கேள்வி கேட்க முடிந்தது. அதை அந்தப் பக்கமும் கேட்க முடிந்தது. தேசங்களுக்கும் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஓட்டுப் போடுகிற நாடுகள் நல்லவர்கள் நிறைந்த நாடுகள் என்று அர்த்தமில்லை. அவர்களே வேறு நாடுகள் மேல் படையெடுத்துப் போனதும் உண்டு. ஆனால் தன்னைப் போலவே வெளிப்படையாகச் சண்டை பிடித்து, வெளிப்படையாகக் கை எண்ணுகிற இன்னொரு நாட்டைப் பார்க்கும்போது, அங்கே என்ன நடக்கிறது என்று இவர்களுக்குத் தெரிகிறது. அங்கே யார் தோற்றார், எந்த வார்த்தை நிற்கும் என்பதும் தெரிகிறது. தெரிந்தால் முந்திக்கொள்ள வேண்டிய அவசியம் வருவதில்லை. பெட்டி மட்டும் வைத்துவிட்டு வாயைக் கட்டிப்போட்ட நாட்டில் இது நடக்காது. ஓட்டுப் பெட்டியோடு குழாயும் வேண்டும்.

ஓய்வு பெறும்வரை இந்தப் பாடம் வந்தபோதெல்லாம் உங்கள் குழாயைச் சொல்லித்தான் நடத்தினேன். ரிப்பன் சண்டையைச் சொல்வதை விட்டுவிட்டேன். உங்களுக்கு இது ஒரு வெற்றிதான்.

அடுத்த தேர்தலில் நீங்கள் தோற்றீர்கள். கடை மடைக்காரர்கள் மறக்கவில்லை. நான் ஆறுதல் சொல்ல வந்தேன். நீங்கள் பஞ்சாயத்து ஆபீஸ் சாவியைப் புதியவரிடம் கொடுத்துவிட்டு, வரும் வழியில் வெற்றிலை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தீர்கள். “தோத்தவ பயமில்லாம வீட்டுக்கு நடந்து வந்துட்டேன்லா டீச்சர். இந்த மாதிரி ஊரப் பாத்து மேற்கூருக்காரன் எதுக்குப் பயப்படணும்?” என்றீர்கள். உங்கள் கேள்விக்கு நீங்களே சொல்லிக்கொண்ட பதில் அது. அதைவிடச் சுருக்கமான பதிலை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

உங்களை எடுத்துப்போன அன்று மேற்கு ஊரில் இருந்து வந்த கூட்டத்தில், தம்பியின் பக்கத்தில் அந்தத் தொண்டைக்காரர் நின்றிருந்தார். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. எந்த வழியாகக் கொண்டுபோவது என்று இருவரும் ஏதோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். புளியமரத்தில் குழாய் கட்டியிருந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். மேற்கே பார்த்துத்தான் இருந்தது.

இன்று காலை அந்தக் கமிட்டிக்காரரிடம் போய்ப் பேசினேன். ஓய்வு பெற்ற டீச்சர் சொன்னால் இந்தத் தெருவில் மறுக்க மாட்டார்கள். குழாயை அடுத்த தெருப் பக்கம் திருப்பிவிட்டார்கள். சாயங்காலம் அந்தத் தெருக்காரர்கள் விளக்குப் பூஜைக்கு வந்தார்கள். சத்தம் ஜாஸ்தி என்று ஒருவர் சண்டைக்கும் வந்தார். உட்கார வைத்துக் காபி கொடுத்தேன்.

இந்த மடலை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள் என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். சும்மா கேட்டுவிட்டுப் போகிறவர்களை உங்களுக்குப் பிடிக்காது. அதனால் அவர்களுக்குச் சொல்லி முடிக்கிறேன்: உங்கள் தெருவோ சங்கமோ குடும்பமோ அடுத்த தரப்போடு உள்ள தகராறைப் பேசக் கூடும்போது, அந்தத் தரப்பிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, அவர் காதுபடவே பேசிப் பாருங்கள்.